கட்டிப் பார்க்கும் அக்கா

"பார்த்தாச்சுக்கா" என்று சொல்லிவிட்டு அக்காவிடமிருந்து யாரும் தப்பித்துப் போனதில்லை. "எதுல பாத்தே?" என்று அடுத்த கேள்வி வரும். கம்ப்யூட்டரில் என்று சொன்னால், "படிக்கிறவன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கிட்டா மொட்டை மாடிக்குப் போவான்?" என்பார். போனில் என்று சொன்னால், "யார் போன்ல? உன் போன்லயா? அது அரை டிவி சைஸ் இருக்கே" என்பார். இதற்குப் பயந்தே எங்கள் அலுவலகத்தில் பலர் அவர் வரும் பக்கம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வார்கள். நானும் மாட்டியிருக்கிறேன். அவர் வந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்பார்.

சேலையூரில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மோட்டார்களை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு நாங்கள் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். தரைக்கடியில் இருக்கும் சம்ப்பிலிருந்து மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது, மழை பெய்தால் கட்டடத்துக்கு அடியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளுவது, இதெல்லாம் அந்தப் பெட்டியின் வேலை. நான் நிரல் எழுதுகிறவன். அந்தப் பெட்டியை எப்படிப் பொருத்துவது, எப்படி ஓட்டுவது, கோளாறு வந்தால் என்ன செய்வது என்று விளக்கப் பக்கங்கள் எழுதுகிறவர் அக்கா. எங்களுக்குள் அது கொஞ்சம் மட்டமான வேலை என்று ஒரு எண்ணம் இருந்தது. அவருக்கும் அது தெரியும். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்தப் பக்கங்கள் பிறக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். அவர் எழுதுவது வெறும் எழுத்துக் கோப்புகள்தான். தலைப்புக்கு ஒரு குறி, எச்சரிக்கைக்கு ஒரு குறி, படத்துக்கு ஒரு குறி, அவ்வளவுதான். அந்த மூலக் கோப்புகள் எங்கள் நிரல் இருக்கும் இடத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரு கட்டளை கொடுத்தால் எல்லாம் சேர்ந்து அழகான இணையப் பக்கங்களாகக் கட்டப்பட்டு வரும். இன்னொரு கட்டளை கொடுத்தால், உலகத்துக்குக் காட்டும் முன் நம் கணினியிலேயே பிரவுசரில் திறந்து பார்க்கலாம். பிரிவியூ என்போம். மூலத்தில் ஒரு சொல்லை மாற்றிச் சேமித்தால், கண்ணெதிரே பக்கமும் மாறும். நாங்களெல்லாம் தப்பு எதுவும் வராமல் கட்டி முடித்ததா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கழன்றுகொள்வோம். அக்காவுக்கு அதற்கப்புறம்தான் வேலையே ஆரம்பிக்கும்.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்னு சொல்வாங்க. நீங்க டாக்குமென்டைக் கட்டிக் கட்டிப் பாக்குறீங்களேக்கா" என்று ஒரு நாள் சீண்டினேன்.

"வீடும் வாங்கிப் பாத்தாச்சு, கல்யாணமும் பண்ணிப் பாத்தாச்சு. இது ஒண்ணுலதான்பா தப்பு வந்தா திரும்பக் கட்ட முடியுது" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் பையில் ஒரு பழைய போன் இருக்கும். கண்ணாடி மூலையில் உடைந்து சிலந்தி வலை போலக் கோடு விழுந்திருக்கும். பேசுவதற்கு அல்ல, பிரிவியூ பார்ப்பதற்கென்றே வைத்திருந்தார். அலுவலக வைஃபையில் கணினியும் அந்தப் போனும் ஒன்றாக இருக்கும்போது, கணினியில் கட்டிய பக்கத்தை அந்தப் போனில் திறந்துகொண்டு உச்சி வெயிலில் மொட்டை மாடிக்குப் போவார். துப்பட்டாவைத் தலைக்கு மேல் கூடாரம்போல் போட்டுக்கொண்டு, வெயிலில் எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பார். கீழே வந்து, "மஞ்சள் பின்னணியில போட்ட எச்சரிக்கை மேல ஒண்ணுமே தெரியல. தெரியாத எச்சரிக்கைய எதுக்கு எழுதணும்?" என்பார். மாற்றுவார். மறுபடி கட்டுவார். மறுபடி மாடிக்குப் போவார். பல் டாக்டரிடம் வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள், இந்த அம்மாவுக்கு என்ன பிரச்சினை என்பதுபோல ஏறியிறங்கும் அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு கேள்வியை மட்டும் அவர் யாரிடமும் கேட்டதில்லை. "புரியுதா?" என்ற கேள்வி. "நம்ம ஊர்ல புரியுதான்னு கேட்டா புரியுதுன்னுதான் சொல்வாங்க. இல்லைன்னு சொல்ல வெக்கம், பயம், மரியாதை, ஏதோ ஒண்ணு. வாயைக் கேக்காதே. கையைப் பாரு" என்பார். அதற்கு அவர் பிடித்து வைத்திருந்த ஆள் கீழே டீக்கடைக்காரர். டீயை வாங்கிக்கொண்டு உடைந்த போனை அவர் கையில் கொடுத்துவிடுவார். ஒன்றும் சொல்ல மாட்டார். பெருவிரல் எங்கே வேகமாகப் போகிறது, எங்கே தயங்குகிறது, எங்கிருந்து மேலே திரும்பிப் போகிறது என்று டீயை ஊதியபடி பார்த்துக்கொண்டிருப்பார்.

"இன்னா மேடம் இது, ஒரே பேஜாரா கீது. முதல்ல மூடுன்றே, அப்பால திறன்றே. எதைத் திறக்கணும்னு எங்க கீது?" என்று ஒரு தடவை டீக்கடைக்காரர் கத்தினார்.

அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. லாட்டரி விழுந்த மாதிரி ஒரு சிரிப்பு. டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் படியேறினார். போய் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தார், "வால்வை". நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு சொல்லுக்கு ஒரு மத்தியானம்.

எனக்கு இது விநோதமாகத்தான் இருந்தது. தான் எழுதியதில் தப்பு கண்டுபிடித்தால் சந்தோஷப்படும் மனுஷியை நான் அதுவரை கண்டதில்லை. பாராட்டினால் முகம் சுருங்கும். "நல்லாருக்குக்கா" என்றால் நம்ப மாட்டார். "அப்போ நீ படிக்கல" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

புதிதாக வந்தவர்கள் எல்லோரும் செய்யும் இரண்டு தப்புகள் உண்டு. ஒன்று, அவசரத்தில் மூலக் கோப்பை விட்டுவிட்டுக் கட்டி முடித்த பக்கத்திலேயே கையை வைத்துத் திருத்துவது. பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். அடுத்த முறை கட்டும்போது மூலத்திலிருந்து எல்லாம் புதிதாக வரும், திருத்தம் காணாமல் போகும். "வெந்த இட்லி மேல உப்பைத் தூவாதே. மாவுல போடு" என்பார் அக்கா. இரண்டாவது தப்பு, தன் கணினியில் ஓடும் பிரிவியூவின் முகவரியை எடுத்து வெளியில் இருப்பவருக்கு அனுப்புவது. அந்த முகவரி அந்த வைஃபைக்குள் இருப்பவருக்கு மட்டும்தான் திறக்கும். மற்றவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு பையன் இப்படி வாடிக்கையாளருக்கே அனுப்பிவிட்டபோது அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "உன் வீட்டு பெட்ரூம் கதவு நம்பரைக் குடுத்து வாங்க வாங்கன்னு கூப்பிட்டா அவர் எப்படிடா வருவார்? தெருப் பேரே இல்லையே!"

அக்காவின் வீடு முடிச்சூரில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைத்தளம். அங்கே தரைத்தளம் என்றால் என்னவென்று தாம்பரம் பக்கத்துக்காரர்களிடம் விளக்க வேண்டியதில்லை. சென்னையையே மூழ்கடித்த அந்தப் பெரிய வெள்ளத்தில் அவர்கள் வீட்டில் சுவிட்ச் போர்டுக்கு மேல் தண்ணீர் நின்றது. அப்போது அவர் கணவர் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர், நல்ல திடகாத்திரம். பக்கத்து வீட்டுப் பெரியவரை அவர்தான் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாராம். அதற்குச் சில வருடம் கழித்து ஒரு விபத்தில் அவருக்கு இடுப்பும் ஒரு காலும் விளங்காமல் போயின. வாக்கர் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார். படியேற முடியாது. அக்கா அலுவலகம் வந்துவிட்டால் அவர் வீட்டில் தனியாகத்தான் இருப்பார்.

"மழை வந்தா எனக்கு ஒரே பயம்தான்பா. நான் இங்க இருப்பேன், தண்ணி அங்க வரும், அவர் கட்டில்ல இருப்பார்" என்று ஒரு நாள் மாடியிலிருந்து இறங்கும்போது சொன்னார். வேறு எதற்கும் அவர் பயந்து நான் பார்த்ததில்லை.

அதனால்தான் தன் குடியிருப்பு அசோசியேஷனை நச்சரித்து நச்சரித்து எங்கள் பெட்டியை அங்கே வாங்கி வைக்கச் செய்திருந்தார். மழைத் தண்ணீர் கட்டடத்துக்கடியில் ஓரளவு சேர்ந்தால் மோட்டார் தானாக ஓடி வெளியே தள்ளும். ஆனால் அந்த வருடம் புதிய பதிப்பில் நாங்கள் ஒன்றை மாற்றினோம். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் மோட்டார் தானாக ஓடாது. யாராவது உள்ளே கையை வைத்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்தால் ஆபத்து என்பதற்காக அப்படிச் செய்தோம். பெட்டியில் ஒரு பொத்தானை விளக்கு எரியும் வரை அழுத்திப் பிடித்தால்தான் மறுபடி ஓடும். மழை பெய்தால் எங்கள் பக்கம் கரண்ட் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே அந்தப் பொத்தானைப் பற்றி அந்தக் குடியிருப்பில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் முதலில் தண்ணீர் ஏறுவது அக்காவின் வீட்டில்.

மழைக்காலம் தொடங்கும் முன், எங்கள் மூலக் கோப்புகளிலிருந்தே தன் குடியிருப்புக்கென்று தனியாக ஒரு பக்கம் கட்டினார். தமிழில், படி படியாக, அவர்கள் பெட்டியின் படத்தோடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து வீட்டில் உட்கார்ந்து முடித்தார். வீட்டு வைஃபையில் உடைந்த போனில் திறந்து பார்த்தார். வெயிலில் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார். திருப்தியாக இருந்தது. அதே லிங்கைக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கும் பகிர்ந்தார்.

மறுநாள் காலையில் என் மேசைக்கு வந்து போனை நீட்டினார். வரிசையாகக் கட்டைவிரல்கள். "சூப்பர் மேடம்." "வெரி யூஸ்ஃபுல்." "கிளியரா இருக்கு சிஸ்டர்." இரண்டு பேர் கைகூப்பியிருந்தார்கள். ஒருவர் பூங்கொத்து போட்டிருந்தார்.

"எல்லாரும் பாத்துட்டாங்கப்பா" என்றார் அக்கா. எனக்கு நாக்கு நுனி வரை வந்தது, எதுல பார்த்தாங்க என்று கேட்க. அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து விட்டுவிட்டேன். எத்தனை நாள்தான் ஒரு மனுஷி சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பது?

மழை ஒரு புதன்கிழமை காலையில் பிடித்துக்கொண்டது. பதினோரு மணி வாக்கில் அக்காவின் கணவர் கூப்பிட்டார். கரண்ட் போய் வந்துவிட்டது, மோட்டார் சத்தம் கேட்கவில்லை, வாசல் படி நனைகிறது என்றார். அக்கா பதறவில்லை. அசோசியேஷன் செக்ரட்டரியைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"சார், மோட்டார் ஓடல. அந்தப் பேஜ்ல இருக்கிற மாதிரி பண்ணிடுங்க."

"பாத்தேன் மேடம், பாத்தேன். சூப்பரா போட்டிருந்தீங்க."

"சரி சார், பண்ணுங்க."

"பண்ணிடலாம் மேடம்." குடையை விரிக்கும் சத்தம் கேட்டது. "என்ன பண்ணணும் மேடம்?"

"அந்த லிங்கைத் திறங்க சார். படி படியா போட்டிருக்கேன்."

"திறக்குறேன் மேடம். சுத்திக்கிட்டே இருக்கு. மழைக்கு நெட் ஸ்லோ போல."

அக்கா தன் போனில் குழுவைத் திறந்து தான் அனுப்பிய லிங்கைப் பார்த்தார். அவர் தோளுக்கு மேலே நானும் பார்த்தேன். வெறும் எண்களாக ஒரு முகவரி. அவர் வீட்டு வைஃபைக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி. ஞாயிற்றுக்கிழமை அவர் மடிக்கணினியை மூடிய கணத்திலிருந்து அது யாருக்குமே திறந்திருக்காது. அந்தக் குழுவில் ஒருவர்கூடப் பக்கத்தைப் பார்க்கவில்லை. அத்தனை கட்டைவிரலும் திறக்காத கதவுக்குப் போட்ட கும்பிடு.

அவர் முகம் வெளுத்துப் போனது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் குரல் மாறவில்லை. "சார், நெட் ஸ்லோதான். நீங்க பெட்டிக்கிட்ட போய் எனக்கு வீடியோ கால் போடுங்க" என்றார். செக்ரட்டரி குடை பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து பெட்டியிடம் போனார். திரையில் முதலில் அவர் மூக்கு தெரிந்தது.

"என்னைக் காட்டாதீங்க சார். உங்க கையைக் காட்டுங்க."

"புரியுது மேடம்."

"அது இல்ல. அது பக்கத்துல. கீழ."

"புரியுது, புரியுது."

"சார், விரல் இன்னும் மேலதான் இருக்கு. கீழ வாங்க. ஆங், அதேதான். அழுத்துங்க. விடாதீங்க. விடாதீங்க சார்!"

மோட்டார் உறுமும் சத்தம் கேட்டதும் தொடர்பு அறுந்தது. அக்கா போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். என் பைக்கில்தான் போனோம். கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேம்பாலம் ஏறி மேற்கே இறங்கி முடிச்சூர் சாலை போவதற்குள் இருவரும் துவைத்த துணி மாதிரி ஆகிவிட்டோம்.

வீட்டுக்குள் கணுக்கால் வரை ஏறிய தண்ணீர் மெல்ல வடிந்துகொண்டிருந்தது. கணவர் கட்டிலில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் மிக்ஸி, ரேஷன் கார்டு போட்ட பை, அக்காவின் மடிக்கணினி. எட்டியதையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் காலைத் தொட்டுப் பார்த்தார், ஈரமில்லை என்றதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம்தான் கேட்டார்.

"ஏங்க, நான் அனுப்புன லிங்க் ஞாயித்துக்கிழமை இந்த வீட்ல இருந்த உங்க போன்ல மட்டும்தான் திறந்திருக்கும். முதல் கட்டைவிரல் நீங்கதான் போட்டீங்க. திறந்து பாத்தீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நீ எழுதுனதுதானே? நீ ஆயிரம் தடவை பாத்திருப்பே. அதுக்கு மேல நான் என்ன பாக்குறது?"

அக்கா துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தார். நானும் தள்ளினேன். வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்தபோது என்னிடம் மெதுவாகச் சொன்னார். "டீக்கடைக்காரருக்கு என் மேல நம்பிக்கை இல்ல. அதனால படிச்சார். இவங்களுக்கெல்லாம் என் மேல நம்பிக்கைப்பா. நம்புறவங்க படிக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

அடுத்த வாரம் முழுவதும் அவர் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தார். மாடிக்குப் போகவில்லை. டீக்கடையில் டீ மட்டும் குடித்தார். எனக்குப் பொறுக்கவில்லை, வேலையை விட்டுவிடுவாரோ என்றுகூட நினைத்தேன். வெள்ளிக்கிழமை என்னிடம் வந்து, "நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வா. ஒரு வேடிக்கை காட்டுறேன்" என்றார். கண்ணில் பழைய குறும்பு இருந்தது.

போனேன். கணவர் கட்டிலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சமையலறையில் ஒரு பெரிய பாத்திரத்தில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஒரு கல்யாணக் கூட்டத்துக்குக் காபி போடலாம், அவ்வளவு பால். விஷயம் இதுதான். பக்கத்தை மறுபடி கட்டியிருக்கிறார். இந்தத் தடவை முறையாக வெளியே ஏற்றி, வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பார்த்துவிட்டு, காலையிலேயே குழுவுக்கு அனுப்பிவிட்டார். ஆனால் நடுவில், ஐந்தாவது படிக்குக் கீழே, ஒரு வரி சேர்த்திருந்தார். போனை என்னிடம் கொடுத்தார். நானே படித்தேன்.

"இந்த வரி வரை படித்தவர்கள் இன்று மாலை தரைத்தளத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுப் போகவும்."

குழுவில் காலையிலிருந்து கட்டைவிரல்கள் நிரம்பி வழிந்தன. "அருமை." "தேங்க்ஸ் மேடம், இப்ப ரொம்பத் தெளிவு." பூங்கொத்துக்காரர் இந்த முறை இரண்டு பூங்கொத்து போட்டிருந்தார். நாங்கள் இருவரும் ஹாலில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாடிப்படியில் ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். யாரும் உள்ளே வரவில்லை. ஆறு மணிக்கு மேல் காலிங் பெல் அடித்தது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு எழுந்தார். செக்ரட்டரி. மோட்டாருக்கு ஒரு தகரக் கூரை போடலாமா என்று கேட்க வந்திருந்தார்.

"பேஜ் பாத்தீங்களா சார்?"

"கார்த்தாலயே பாத்துட்டேன் மேடம். ஏ டு இசட்."

"ஒரு காபி சாப்பிடுறீங்களா?"

"வேணாம் மேடம், இப்பதான் வீட்ல சாப்ட்டேன். வரட்டுமா?"

கதவைச் சாத்திவிட்டு வந்த அக்காவைப் பார்த்து எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்து பால் காய்ந்த அடுப்பை அணைத்தார். அணைத்தபின் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டிருந்தது.

கட்டிலிலிருந்து கணவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"வர்றவங்களுக்கு மட்டும்தான் காபியா? வீட்லயே இருக்கிறவனுக்குக் கிடையாதா?"

அக்கா திரும்பினார். "நீங்க சாயங்காலம் காபி குடிக்க மாட்டீங்களே."

"அஞ்சாவது படி வரைக்கும் படிச்சா உண்டுன்னு போட்டிருந்தியே. நான் ஆறாவதும் படிச்சேன். அதுல ஒரு கோளாறு இருக்கு."

"என்ன கோளாறு?"

"பொத்தானை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே மேல விளக்கைப் பாருன்னு எழுதியிருக்கே. சரி. ஒரு கையில வாக்கர், இன்னொரு கையில போன். அழுத்துறதுக்குக் கை எங்க இருக்கு?"

அக்காவுக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. எனக்கும்தான். மோட்டார் பெட்டி கட்டடத்தின் பின்பக்கம் இருக்கிறது. வாசலில் இரண்டு படி இறங்கி, கார்களுக்கு நடுவே வளைந்து போக வேண்டும். விபத்துக்குப் பிறகு அவர் அந்த வாசலைத் தாண்டியதே ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான், அதுவும் இருவர் பிடித்துக்கொள்ள.

"நீங்க எப்பங்க அங்க போனீங்க?"

"காலையில நீ மார்க்கெட் போனப்ப. படியில உக்காந்து உக்காந்து இறங்கினேன். அஞ்சாவது படி வரைக்கும் நல்லாத்தான் எழுதியிருக்கே."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மேசையிலிருந்து மடிக்கணினியை எடுத்து வந்து கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மூலக் கோப்பைத் திறந்தார்.

"சொல்லுங்க. போனை எங்க வெச்சீங்க, எந்தக் கையால அழுத்தினீங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

"அதெல்லாம் சொல்றேன்" என்றார் அவர். "முதல்ல காபி."